சமையல் குறிப்போடு சாதத்தின் அளவையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை இணைப்பில், சர்க்கரை உள்ளவர்களுக்கான சமையல் என்று தலைப்பிட்டு சீஸ் பன்னீர் சாதம் ஒன்றைப் போட்டிருந்தீர்கள். படம் அருமை, செய்முறையிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கடைசியில், சீஸும் பன்னீரும் சேர்வதால் சர்க்கரை ஏறாது, பயப்படாமல் சாப்பிடலாம் என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். அது பாதி சரி, பாதி தவறு, தவறான பாதியை நம்பிச் சாப்பிடுகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். இன்னொன்று, பொருட்கள் பட்டியலில் அரிசி இரண்டு கப் என்று இருந்ததே தவிர அது எத்தனை பேருக்கு என்று எங்கேயும் இல்லை. சர்க்கரை உள்ளவருக்கு அந்தக் குறிப்பில் முதலில் தெரிய வேண்டியதே அதுதான்.

நான் ஓசூர் சிப்காட் பக்கம் வீட்டுக்காரரோடு சேர்ந்து ஒரு சின்ன மெஸ் நடத்துகிறேன். மூன்று ஷிப்டு ஆட்களும் வருவார்கள், லாரி டிரைவர்கள் வருவார்கள், பக்கத்து லாட்ஜில் தங்குகிற சேல்ஸ் ஆட்கள் வருவார்கள். வீட்டிலும் சர்க்கரை உண்டு, மாமியாருக்கு ரொம்ப வருஷமாக, வீட்டுக்காரருக்கு அப்புறம் வந்தது. அதனால் சாதத்தை அள்ளிப் போடுகிற கையும் குளுக்கோமீட்டர் ஊசியைப் பிடிக்கிற கையும் எங்கள் வீட்டில் ஒன்றுதான். நான் டாக்டர் இல்லை, டயட்டீஷியனும் இல்லை, ஆனால் ஒரு தட்டில் எவ்வளவு சாதம் விழுகிறது என்பது டாக்டரைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

எங்கள் பக்கம் ஒரு காலத்தில் களி உருண்டையும் கீரைக் கடைசலும், மார்கழி வந்தால் அவரைக்கொட்டைக் குழம்பும் என்றுதான் இருந்தது. தர்மபுரி பக்கம் இருக்கிற என் அம்மா வீட்டில் இன்னும் ஓரளவு அப்படித்தான். ஓசூரில் அது இல்லை. பெங்களூரு நெடுஞ்சாலையில் கிருஷ்ணகிரி வரைக்கும் போய்ப் பாருங்கள், எந்தக் கடை போர்டிலும் சீஸ் இருக்கும். சீஸ் தோசை, சீஸ் ஃபிரைடு ரைஸ், பன்னீர் பிரியாணி, சீஸ் போட்ட மசாலா சாதம் என்று நாளுக்கு ஒன்று வருகிறது. எங்கள் மெஸ்ஸிலும் கேட்கிறார்கள், போடுகிறோம். இதையெல்லாம் சாப்பிடவே கூடாது என்று சொல்ல நான் இந்தக் கடிதத்தை எழுதவில்லை. சாப்பிடலாம். எப்படி என்பதுதான் விஷயம்.

முதலில் சரியான பாதியைச் சொல்லிவிடுகிறேன். சீஸிலும் பன்னீரிலும் மாவுச்சத்து மிகக் குறைவு. 100 கிராம் பன்னீரில் புரதம் கிட்டத்தட்ட 18 கிராம் இருக்கும், கொழுப்பு 20 கிராமுக்கு மேல், மாவுச்சத்து சில கிராம்தான். சீஸும் அதே வகை, கொழுப்பு இன்னும் கொஞ்சம் கூடுதல். ஆக, சீஸ் தானாகச் சர்க்கரையை ஏற்றுவதில்லை. அது மட்டுமல்ல, புரதமும் கொழுப்பும் இருந்தால் இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும், அதனால் கூட இருக்கிற சாதமும் மெதுவாகத்தான் குடலுக்குப் போகும், ரத்தத்தில் சர்க்கரை குபீரென்று ஏறாமல் கொஞ்சம் நிதானமாக ஏறும். இவ்வளவும் உண்மை. உங்கள் குறிப்பை எழுதியவர் இதைத்தான் மனதில் வைத்து எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன்.

ஆனால் சாதம் எங்கேயும் போய்விடவில்லையே. கிருஷ்ணகிரி அணையில் மதகை லேசாகத் திறந்தால் தண்ணீர் மெதுவாக வரும், அதற்காக அணையில் தண்ணீர் குறைந்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. தட்டில் இருக்கிற மாவுச்சத்து ஒரு மணி நேரத்தில் வராமல் மூன்று நான்கு மணி நேரம் எடுத்துக்கொண்டு வரும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது அளவுக்கு வருகிறேன். எங்கள் மெஸ்ஸில் ஒரு பிளேட் சீஸ் ஃபிரைடு ரைஸைத் தராசில் வைத்தால் சாதம் மட்டும் 300 கிராமுக்குக் குறையாது. சில கடைகளில் இதைவிட அதிகம். வெந்த சாதம் 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து. அப்படியென்றால் ஒரே பிளேட்டில் 80 கிராமுக்கு மேல். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஒரு வேளைக்கு 45 முதல் 60 கிராம், சிலருக்கு அதைவிடவும் குறைவு என்றுதான் பெரும்பாலும் சொல்கிறார்கள். அப்புறம் அரிசி வகை. கிளைசெமிக் இன்டெக்ஸ் என்று ஒரு கணக்கு இருக்கிறது, 1981-ல் கனடாவில் டொரண்டோ பல்கலைக்கழகத்தில் கொண்டு வந்தார்கள், குளுக்கோஸை 100 என்று வைத்து மற்ற உணவு எவ்வளவு வேகத்தில் சர்க்கரையை ஏற்றுகிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பது. 70-க்கு மேல் போனால் வேகம் அதிகம், 55-க்குக் கீழே இருந்தால் குறைவு. நாம் சாப்பிடுகிற பொன்னியும் சோனா மசூரியும் 70-ஐ ஒட்டியேதான் நிற்கின்றன. பாசுமதி கொஞ்சம் பரவாயில்லை, புழுங்கல் பச்சரிசியைவிட ஓரளவு நல்லது. இருந்தாலும் 300 கிராம் சாதத்துக்கு முன்னால் அந்த ஓரளவு எம்மாத்திரம்?

2020-ல் 21 நாடுகளில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான பேரைப் பல வருஷம் கவனித்து ஒரு ஆய்வு வந்தது. ஒரு நாளைக்கு 450 கிராமுக்கு மேல் வெள்ளைச் சாதம் சாப்பிடுகிறவர்களையும் 150 கிராமுக்குக் குறைவாகச் சாப்பிடுகிறவர்களையும் ஒப்பிட்டார்கள். எல்லா நாடுகளையும் சேர்த்துப் பார்த்தால் சர்க்கரை நோய் வரும் ஆபத்து 20 சதவீதம் கூடுதல், தெற்காசியாவை மட்டும் எடுத்தால் 61 சதவீதம். அந்த 450 கிராம் என்பது எங்கள் மெஸ் கணக்கில் ஒன்றரை பிளேட். மதியம் ஃபுல் மீல்ஸ், ராத்திரி ஃபிரைடு ரைஸ் என்று சாப்பிடுகிற ஒருவர் அதைச் சாதாரணமாகத் தாண்டிவிடுவார். இந்தியாவில் சர்க்கரை உள்ளவர்கள் 10 கோடிக்கு மேல் என்று 2023-ல் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) கணக்கு வந்தபோது உங்கள் பேப்பரிலும் முதல் பக்கச் செய்தியாகத்தான் போட்டீர்கள், அதே பேப்பரின் சமையல் பக்கத்தில் அரிசிக்கு அளவு இல்லை.

எங்கள் மெஸ்ஸுக்கு ஒரு தம்பி வருவான், சிஎன்சி மெஷின் ஆபரேட்டர், முப்பது வயது கூட ஆகியிருக்காது. இரண்டாவது ஷிப்டு முடித்து ராத்திரி பதினொரு மணிக்கு வருவான். சட்டைப் பையில் மாத்திரை அட்டை எட்டிப் பார்க்கும், சாப்பிடுவதற்கு முன்னால் அதில் ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டுக்கொள்வான். போன வாரம் சீஸ் ஃபிரைடு ரைஸ் கேட்டவன், "அக்கா, சீஸ் இன்னொரு ஸ்லைஸ் போடுங்க, சீஸ் போட்டா சர்க்கரை ஏறாதாம், பேப்பர்லயே போட்டிருக்கான்" என்றான். உங்கள் பக்கத்தை போனில் படம் பிடித்து வைத்திருந்தான், எடுத்தும் காட்டினான். நான் என்ன செய்தேன் என்றால், ஸ்லைஸைப் போட்டேன், சாதத்தில் பாதியை எடுத்துவிட்டேன். எடுத்த இடத்தில் முட்டைக்கோஸும் குடைமிளகாயும் ஒரு முட்டையும் போட்டு வதக்கிக் கொடுத்தேன். தட்டு அதே அளவு நிறைந்திருந்தது, முழுசாகச் சாப்பிட்டுத்தான் போனான். ஏதோ குறைகிறது என்று அவன் சொல்லவும் இல்லை.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. சீஸும் பன்னீரும் சாதத்தின் இடத்தைப் பிடித்தால் நல்லது, சாதத்தின் மேலே ஏறி உட்கார்ந்தால் அல்ல. 2025-ல் அதே ஐசிஎம்ஆர் ஆய்வாளர்கள் இந்தியா முழுக்க என்ன சாப்பிடுகிறோம் என்று கணக்கெடுத்து வெளியிட்டார்கள். நம் மக்கள் ஒரு நாளில் பெறுகிற கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்துதான் வருகிறது என்று அதில் சொல்கிறார்கள். ஒரு நாளின் மொத்தக் கலோரியில் ஒரு சின்னப் பங்கை, வெறும் 5 சதவீதத்தை, மாவுச்சத்திலிருந்து எடுத்துவிட்டு அந்த இடத்தில் பருப்பு, பால் பொருட்கள், முட்டை, மீன் இவற்றின் புரதத்தை வைத்தால் சர்க்கரை நோய்க்கான வாய்ப்பு குறைகிறது என்றும் சொல்கிறார்கள். பால் பொருள் என்றால் பன்னீரும் அதில் வந்துவிடும். ஆக, உங்கள் குறிப்பை எழுதியவர் கையில் நல்ல பொருள்தான் இருந்தது, அதை எதற்குப் பதிலாக வைக்க வேண்டும் என்று மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்.

அதே ஆய்வில் நம் மாவட்டத்துக்காரர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு சங்கதியும் இருக்கிறது. மாவுச்சத்தின் மொத்த அளவைக் குறைக்காமல், அரிசிக்குப் பதில் கோதுமை மாவு, சிறுதானிய மாவு என்று மாற்றினால் மட்டும் பலன் தெரியவில்லை என்கிறார்கள். இதைச் சொன்னால் எங்கள் பக்கம் கோபம் வரும். எனக்கும் ராகி என்றால் உயிர். 2023-ல் தர்மபுரியிலும் நீலகிரியிலும் ரேஷனில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தபோது சந்தோஷப்பட்டவள்தான் நான். கேழ்வரகில் கால்சியம் இருக்கிறது, நார்ச்சத்து இருக்கிறது, நம் காட்டில் விளைகிறது, விவசாயிக்கு நாலு காசு கிடைக்கிறது. எல்லாம் சரி. ஆனால் மெஷினில் நைசாக அரைத்த மாவில் கிண்டிய பெரிய களி உருண்டையை, ராகிதானே என்று இரண்டாக விழுங்கினால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். என் மாமியாருக்கு மீட்டரில் அதைத் தெளிவாகவே பார்த்திருக்கிறோம். சின்ன உருண்டை ஒன்று, அதற்கு இரண்டு மடங்கு கீரையும் கொள்ளுக் கடைசலும் என்றால் பரவாயில்லை.

சரி, சீஸ் சாதமோ பன்னீர் சாதமோ ஆசையாக இருக்கிறது, எப்படிச் செய்வது? வீட்டில் நான் செய்கிற விதத்தைச் சொல்கிறேன். ஒரு ஆளுக்கு அரிசி 40 கிராம், 200 மில்லி டம்ளரில் கால் பாகம். பார்க்கப் பாவமாகத்தான் இருக்கும், ஆனால் வெந்தால் கிட்டத்தட்ட 120 கிராம் சாதம் வரும், மாவுச்சத்து 34 கிராமுக்குள் அடங்கும். பன்னீர் 70, 80 கிராம். காய் அந்தச் சாதத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும், பீன்ஸ், குடைமிளகாய், காலிஃபிளவர், முட்டைக்கோஸ் எது வேண்டுமானாலும். ஓசூர்க்காரர்களுக்குக் காய்க்குப் பஞ்சமே இல்லை, பத்தலப்பள்ளி சந்தையில் காலையில் போனால் மலிவாகக் கிடைக்கும். ராயக்கோட்டைத் தக்காளி இரண்டு. எண்ணெய் ஒரு டீஸ்பூனுக்கு மேல் வேண்டாம், பன்னீரிலேயே கொழுப்பு இருக்கிறது. காயைக் குழைய விடாமல் பாதி வேக்காட்டில் வதக்கி, பன்னீரைப் போட்டு, கடைசியாகச் சாதத்தைப் போட்டுப் புரட்ட வேண்டும். சீஸ் வேண்டும் என்றால் அடுப்பை அணைத்த பிறகு ஒரு ஸ்லைஸைத் துருவி மேலே தூவினால் போதும், அந்தச் சூட்டிலேயே உருகிவிடும், வாசனையும் நிற்கும். கடையில் செய்கிற மாதிரி ஆரம்பத்திலேயே நாலு ஸ்லைஸைப் போட்டுக் கிளறினால் சீஸ் எங்கே இருக்கிறது என்றே தெரியாது, இன்னும் கொஞ்சம் போடலாமா என்றுதான் தோன்றும்.

சாப்பிடுகிற வரிசையும் முக்கியம். நாம் சாதத்தில்தான் ஆரம்பிப்போம், பொரியல் ஓரமாக இருக்கும், கடைசியில் மிச்சம் வைத்துவிட்டு எழுந்திருப்போம். நியூயார்க்கில் வெயில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 2015-ல் ஒரு சின்ன ஆய்வு செய்தார்கள். சர்க்கரை உள்ள 11 பேர், ஒரே சாப்பாடு, ஒரு நாள் ரொட்டியும் ஆரஞ்சு ஜூஸும் முதலில், இன்னொரு நாள் காயும் கோழிக்கறியும் முதலில், கால் மணி நேரம் கழித்து ரொட்டி. காயும் கறியும் முதலில் சாப்பிட்ட நாளில் ஒரு மணி நேரத்துச் சர்க்கரை 37 சதவீதம் அளவுக்குக் குறைவாக இருந்தது. அது ரொட்டி, நமக்குச் சாதம், வேலை ஒன்றுதான். இதற்குக் காசு செலவில்லை, ஆசைப்பட்ட எதையும் விடவும் வேண்டாம். எங்கள் மெஸ்ஸில் இப்போது சர்க்கரை இருக்கிறது என்று சொல்கிறவர்களுக்கு முதலில் ஒரு கிண்ணம் சுண்டலோ பொரியலோ வைத்துவிட்டு அப்புறம்தான் சாதத்தைக் கொண்டு போகிறோம். கலவை சாதம் என்றால் காயைப் பிரித்துச் சாப்பிட முடியாதே என்று கேட்கலாம், நியாயம்தான், அதனால்தான் முன்னால் தனியாக ஒரு கிண்ணம் வைப்பது.

கஞ்சி வடித்துவிட்டால் சாதத்தில் சர்க்கரை போய்விடும் என்கிறவர்கள் நிறைய. வடித்தால் கொஞ்சம் மாவு போகும், அது உண்மை, ஆனால் பெரும்பங்கு சாதத்திலேயேதான் இருக்கிறது. குக்கர் சாதத்தில் இரண்டு கரண்டி சாப்பிடுகிறவர் வடித்த சாதம்தானே என்று நாலு கரண்டி போட்டுக்கொண்டால் லாபம் என்ன? அதே மாதிரி, முதல் நாள் சாதத்தை ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் சூடு பண்ணினால் அதில் ஜீரணமாகாத மாவுச்சத்து கூடும் என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது, ஆறும்போது மாவுச்சத்தில் ஒரு பகுதி இறுகி, திரும்பச் சூடாக்கினாலும் முழுக்கப் பழைய நிலைக்கு வருவதில்லை. ஆனால் அந்தப் பகுதி 100 கிராமுக்கு ஒன்றிரண்டு கிராம் கணக்குதான், மீதி 26 கிராம் அப்படியே இருக்கிறது. ஃபிரைடு ரைஸுக்கு எப்படியும் ஆறிய சாதம்தான் உதிரியாக வரும், கூடுதலாகக் கிடைக்கிற நன்மை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சாதத்தை ராத்திரி முழுக்க அடுப்பங்கரையிலேயே சட்டியில் மூடி வைத்துவிட்டுக் காலையில் வதக்காதீர்கள். சாதத்தில் வருகிற ஒரு கிருமியின் விஷம் சூடு பண்ணினாலும் போகாது, வாந்தி பேதியில் கொண்டு போய் விடும். அகலமான தட்டில் பரப்பிச் சீக்கிரம் ஆற வைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும்.

அப்புறம் சீஸ் என்று நாம் சாப்பிடுவது எல்லாம் சீஸ்தானா? ஹோல்சேல் கடையில் மலிவாகக் கட்டிக் கட்டியாக வருகிற சிலவற்றின் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் தாவர எண்ணெயும் மாவும் இருக்கும், பாலின் புரதம் கொஞ்சம்தான் இருக்கும். புரதத்துக்காக என்று நினைத்து அதைச் சாப்பிட்டால் எண்ணெயும் மாவும்தான் உள்ளே போகும். பாக்கெட் சீஸில் உப்பும் அதிகம், 100 கிராமுக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் என்பது சாதாரணம். ஒரு நாள் முழுக்கவே 2,000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சர்க்கரை உள்ளவர்களில் பாதிப் பேருக்கு மேல் பிரஷரும் இருக்கும், அவர்களுக்கு சீஸைவிடப் பன்னீர் நல்லது, அதில் உப்பே கிடையாது என்று சொல்லலாம். பாலைத் திரித்து வீட்டிலேயே செய்யலாம், இல்லையென்றால் ஆவின் பன்னீர் கிடைக்கிறது. சிறுநீரகத்தில் பிரச்சினை இருக்கிறவர்கள் மட்டும் பன்னீரோ சீஸோ எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் சாப்பிட வேண்டும்.

டெஸ்ட் எடுக்கிற நேரத்தைப் பற்றியும் உங்கள் பேப்பரில் யாராவது எழுத வேண்டும். சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்ப்பதுதான் வழக்கம், பெரும்பாலானவர்களுக்கு 180-க்குள் இருந்தால் சரி என்பார்கள். வெறும் சாம்பார் சாதத்துக்கு அது பொருந்தும். சீஸும் எண்ணெயும் நிறையப் போட்ட சாதத்துக்கு இரண்டு மணி நேரத்தில் நல்ல எண் காட்டிவிட்டு அதற்கு மேல்தான் ஏறும். வீட்டுக்காரருக்கு ஒரு தடவை கல்யாண விருந்தில் பன்னீர் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்து இரண்டு மணி நேரத்தில் 160-க்குப் பக்கத்தில் இருந்தது, ஆஹா என்று படுக்கப் போனவருக்குத் தூக்கம் வராமல் எழுந்து பார்த்தபோது 200-ஐத் தாண்டியிருந்தது. ஆகவே இந்த மாதிரி சாப்பாட்டுக்கு மூன்று நான்கு மணி நேரம் கழித்தும் ஒரு ஸ்ட்ரிப் செலவு செய்து பார்ப்பது நல்லது. சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போடுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம், முதலில் குறைந்து பிறகு ஏறுகிற நிலைமை வரும், எப்படிச் சமாளிப்பது என்று அவர்கள் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு யாரும் நாளையிலிருந்து சாதத்தையே நிறுத்திவிடாதீர்கள். இன்சுலினைச் சுரக்க வைக்கிற கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை போடுகிறவர்களும் இன்சுலின் போடுகிறவர்களும் மாத்திரையை அப்படியே போட்டுக்கொண்டு சாதத்தை மட்டும் திடீரென்று குறைத்தால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடும். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், மெஷினுக்கு முன்னால் நிற்கிறவனுக்கு அப்படி ஆனால் கை போய்விடும். குறைக்கப் போகிறேன், மாத்திரையையும் பாருங்கள் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் குறைக்க வேண்டும். டாக்டர்களும் ஒரு நிமிஷத்தில் ரிப்போர்ட்டைப் பார்த்து "அரிசியை விட்டுடுங்க" என்று சொல்லி அனுப்பாமல், எவ்வளவு சாப்பிடுகிறீர்கள், எந்த நேரத்தில் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் நன்றாக இருக்கும்.

நேரம் என்று சொன்னது ஷிப்டு ஆட்களுக்காகத்தான். பகலில் தாங்குகிற அதே சாப்பாட்டை உடம்பு ராத்திரியில் தாங்காது, நேரம் ஆக ஆகச் சர்க்கரையைச் சமாளிக்கிற சக்தி குறைகிறது. ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு பிளேட் ஃபிரைடு ரைஸைச் சாப்பிட்டுவிட்டு அப்படியே போய்ப் படுப்பதுதான் ஓசூரில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் வாழ்க்கை. அவர்களைக் குறை சொல்ல மனசு வரவில்லை, அந்த நேரத்தில் திறந்திருப்பது எங்களைப் போன்ற கடைகள்தான், கிடைப்பதைத்தான் சாப்பிட முடியும். முடிந்தால் பெரிய சாப்பாட்டை ஷிப்டுக்குப் போவதற்கு முன்னாலேயே முடித்துக்கொண்டு, வந்த பிறகு முட்டையும் காயும் மோருமாக நிறுத்திக்கொள்ளலாம். சாப்பிட்டவுடன் பத்துப் பதினைந்து நிமிஷம் நடந்தால் நல்ல பலன் உண்டு, நடக்கும்போது கால் தசைகளே சர்க்கரையை இழுத்துக்கொள்கின்றன, அதற்கு இன்சுலினைக் கூட அதிகம் எதிர்பார்ப்பதில்லை. மெஸ்ஸிலிருந்து ரூமுக்கு வண்டியில் போகாமல் நடந்து போனாலே அந்தக் கணக்கு முடிந்துவிடும்.

மெஸ் நடத்துகிற மற்றவர்களுக்கும் இதன் மூலமாக ஒன்று சொல்லிக்கொள்கிறேன். அளவு சாப்பாடு என்று நாம் போர்டு வைத்திருக்கிறோமே தவிர, அந்த அளவிலும் சாதம்தான் மலைபோல இருக்கிறது, பொரியல் ஒரு ஸ்பூன். சாதம் மலிவு, காய் விலை அதிகம், எனக்குத் தெரியாதா? ஆனால் ஒரு கரண்டி சாதத்தைக் குறைத்து ஒரு கரண்டி பொரியலும் கொஞ்சம் சுண்டலும் கூட்டினால் தட்டுக்கு ஐந்து, பத்து ரூபாய்தான் கூடும். அந்தக் காசைக் கேட்டால் சாப்பிட வருகிறவர்கள் கொடுக்கிறார்கள். நாங்கள் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன், வாடிக்கை குறையவில்லை.

அரசாங்கத்துக்கு ஒரு யோசனை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் எங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. வீட்டுக்கே வந்து பிரஷர், சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள், நல்ல திட்டம், வயதானவர்களுக்குப் பெரிய உதவி. வருகிற அந்தப் பெண்களிடம், இவ்வளவுதான் ஒரு வேளைச் சாதம் என்று கோடு போட்ட ஒரு டம்ளரைக் கொடுத்து அனுப்பினால் என்ன? கிராம் கணக்கு என் மாமியாருக்குப் புரியாது, டம்ளரில் போட்ட கோடு புரியும்.

உங்களிடம் கேட்பது இதுதான். இனிமேல் இணைப்பில் வருகிற ஒவ்வொரு சாதக் குறிப்புக்கும் எத்தனை பேருக்கு என்றும், ஒரு ஆளுக்கு அரிசி எத்தனை கிராம் என்றும் போடுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு என்று தலைப்பு வைத்தால் அதில் மாவுச்சத்து எவ்வளவு வரும் என்று ஒரு டயட்டீஷியனிடம் கேட்டுப் போடுங்கள், இரண்டு வரி போதும். சீஸ் பன்னீர் சாதத்துக்கும் வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள், அந்தத் தம்பியைப் போல படம் பிடித்து வைத்திருப்பவர்கள் எத்தனை பேரோ.

இப்படிக்கு,
மெஸ் நடத்தும் ஒரு வாசகி,
ஓசூர், கிருஷ்ணகிரி மாவட்டம்.